கூடைக் கணக்கிலிருந்து கோடிக் கணக்கு வரை!

கடலின் பொருளாதாரத்தை எப்படி அளக்கிறார்கள்? மயிலாப்பூரிலும் அடையாறிலும் நமக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கும் அந்த வேலையைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம், வாங்க!

பட்டினப்பாக்கம் பக்கம் போகிறவர்கள் அடுத்த முறை 75, சாந்தோம் நெடுஞ்சாலை என்ற முகவரியைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் இந்த வளாகத்தில் இரண்டு மத்திய அரசு ஆராய்ச்சிக் கூடங்கள் இருக்கின்றன. ஒன்று, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை நிலையம். எல்லோரும் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. என்றே சொல்வார்கள். மற்றொன்று, இறாலும் கொடுவாவும் வளர்ப்பதை ஆராயும் சிபா. அங்கிருந்து ஆட்டோ பிடித்து அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலைக்குப் போனால், இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு என்று நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தும் வங்காள விரிகுடாத் திட்டத்தின் தலைமையகம். பாலம் தாண்டி கோட்டூருக்குப் போனால் காந்தி மண்டபம் சாலையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையம். அடையாறில் மீனவத் தொழிலாளர் ஆதரவுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு. இன்னும் தெற்கே பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்!

நம்பவே முடியவில்லை, இல்லையா? கடலைப் படிப்பவர்களும், எண்ணுபவர்களும், அதன் மதிப்பைக் கணக்குப் போடுபவர்களும் இத்தனை பேர் இத்தனை பக்கத்தில் இருக்கிறார்கள். கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் போகிற வழியில் அவர்கள் வாசலைத்தான் நாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இவர்களையும் உலகமெங்கும் உள்ள இவர்களது சகாக்களையும் இப்போது பிடித்து ஆட்டும் கேள்வி ஒன்று உண்டு. கடலால் நடக்கும் பொருளாதாரம் எவ்வளவு பெரியது? வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி., 2016ல் ஒரு விடை சொன்னது: 2010 நிலவரப்படி ஒன்றரை லட்சம் கோடி டாலர். அதே அமைப்பு 2025ல் புதிய கணக்கோடு வந்தது. 1995ல் 1.3 லட்சம் கோடி டாலராக இருந்தது, 2020ல் 2.6 லட்சம் கோடியாக இரட்டித்துவிட்டதாம். கடல் ஒரு தனி நாடாக இருந்திருந்தால் உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரம் அதுதான்! இந்தியாவைப் பொறுத்தவரை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 4 சதவீதம் என்பது அடிக்கடி சொல்லப்படும் எண். பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2020ல் நீலப் பொருளாதாரத்துக்கு ஒரு வரைவுக் கொள்கை தயாரித்தபோது ஏழு தலைப்புகளைப் பிரித்துக்கொண்டது. அதில் முதலாவது தலைப்பே, இதை எப்படிக் கணக்கெடுப்பது என்பதுதான்.

சரி, இந்த எண்கள் எங்கே பிறக்கின்றன? இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவை கணினியில் பிறப்பதில்லை, ஈர மணலில் பிறக்கின்றன.

ஒரு கூடையை எண்ணுவது எப்படி?

2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கடற்கரையில் 3,288 மீனவ கிராமங்கள், 1,511 மீன் இறங்குதளங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 573 கிராமங்கள், 407 இறங்குதளங்கள். தினமும் ஆயிரக்கணக்கான படகுகள் கரையேறுகின்றன. ஒவ்வொரு படகின் பக்கத்திலும் ஒரு ஆளை நிறுத்தி எடை போட முடியுமா? முடியாது. அதற்காகத்தான் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. 1950களிலிருந்து படிப்படியாக ஒரு கூறெடுப்பு முறையை வளர்த்து வைத்திருக்கிறது. இதன் அழகைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் கடற்கரையை மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். காசிமேடு போன்ற பெரிய துறைமுகம் தன்னந்தனியாகவே ஒரு மண்டலம். சின்னச் சின்ன இறங்குதளங்கள் பல சேர்ந்து ஒரு மண்டலம். பிறகு மாதத்தின் முதல் ஐந்து தேதிகளில் ஒன்றைக் குலுக்கலில் எடுக்கிறார்கள். 4ஆம் தேதி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே 4-5, 6-7, 8-9 என்று மூன்று ஜோடி நாட்கள் கிடைத்துவிட்டன. பத்துப் பத்து நாளாகக் கூட்டிக்கொண்டே போனால் 14-15, 16-17, 18-19. அப்புறம் 24-25, 26-27, 28-29. ஆக மொத்தம் ஒன்பது ஜோடி. பல தளங்கள் சேர்ந்த மண்டலமாக இருந்தால், அதன் இறங்குதளங்களில் ஒன்பதைக் குலுக்கலில் எடுத்து ஜோடிக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தக் குப்பத்துக்கு எந்த நாள் போவது என்று களப்பணியாளர் தன் வசதிப்படி தீர்மானிக்கவே முடியாது. அது குலுக்கலின் கையில்!

களப்பணியாளர் முதல் நாள் பகல் 12 மணிக்குப் போய் மாலை 6 வரை கரையில் இருப்பார். மறுநாள் காலை 6 மணிக்குத் திரும்பி வந்து பகல் 12 வரை இருப்பார். இடையில் இருக்கும் இரவு நேரத்துப் படகுகளைப் பற்றி மறுநாள் கரையில் உள்ளவர்களிடம் விசாரித்து எழுதிக்கொள்வார். இப்படி 24 மணி நேரம் முழுமையாகிவிடுகிறது.

இனி படகுகள். பதினைந்து வரை வந்தால் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும். 16 முதல் 19 என்றால் முதல் பத்தை முழுமையாகவும் மிச்சத்தில் பாதியையும் பார்க்க வேண்டும். 20 முதல் 29 வரை வந்தால் இரண்டுக்கு ஒன்று, முப்பதுகளில் மூன்றுக்கு ஒன்று, நாற்பதுகளில் நான்குக்கு ஒன்று. படகிலிருந்து மீன் கூடையில்தானே இறங்குகிறது? ஒரு கூடை எத்தனை கிலோ பிடிக்கும் என்பது தெரியும். கூடைகளை எண்ணினால் எடை வந்துவிடும். அதிலும் வஞ்சிரம் எவ்வளவு, சங்கரா எவ்வளவு, நெத்திலி எவ்வளவு, கானாங்கெளுத்தி எவ்வளவு என்று இனம் இனமாக. எந்த வலை, எத்தனை மணி நேரம் கடலில் இருந்தார்கள் என்பதும் உண்டு. ஏலம் விடுகிறவரின் குரல், ஐஸ் உடைக்கும் சத்தம், கூடைக்காகக் காத்திருக்கும் பெண்களின் அவசரம், இத்தனைக்கும் நடுவில் நின்று இதையெல்லாம் எழுத வேண்டும்! முன்பு தாளும் பேனாவும் வைத்து எழுதினார்கள். இப்போது டேப்லெட் வந்துவிட்டது.

அந்த ஒரு நாள் கணக்கிலிருந்து மாதக் கணக்கும், அதிலிருந்து மண்டலம், மாநிலம், நாடு என்று மேலே மேலே மதிப்பீடு ஏறுகிறது. 2024ல் இந்தியக் கரையில் இறங்கிய கடல் மீன் 34.7 லட்சம் டன் என்றும், 7.54 லட்சம் டன்னோடு குஜராத் முதலிடம், 6.79 லட்சம் டன்னோடு தமிழ்நாடு இரண்டாமிடம் என்றும் செய்தியில் படித்தோமே, அந்த எண்ணுக்குள் இருப்பவை இப்படி எண்ணப்பட்ட கூடைகள்தான்.

இந்தப் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1905ல் மெட்ராஸ் மாகாண அரசு சர் ஃபிரடெரிக் நிக்கல்சனிடம் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. 1907ல் மெட்ராஸ் மீன்வள பீரோ உருவானது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்னெல், கட்டுமரம் முதல் தோணி வரை நம் படகுகளை விவரமாக எழுதிவைத்தார். சி.எம்.எஃப்.ஆர்.ஐ.யே 1947 பிப்ரவரி 3 அன்று சென்னையில் பிறந்ததுதான். பிறகு 1949ல் மண்டபத்துக்கும், 1971ல் கொச்சிக்கும் இடம் மாறியது.

பின்கோடு செய்யும் மாயம்

மீனை எண்ணிவிட்டோம். ஆனால் மீன் மட்டுமா கடல் பொருளாதாரம்? துறைமுகம், கப்பல் கட்டுதல், எண்ணெய், உப்பு, சுற்றுலா என்று நீண்டுகொண்டே போகும் பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? ஆராய்ச்சியாளர்கள் மணிக்கணக்கில் வாதாடும் இடம் இதுதான். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே.

அமெரிக்காவின் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாக அமைப்பு, 2005ஆம் ஆண்டு முதலான தரவுகளோடு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சுற்றுலாவுக்கு அதில் எளிய விதி ஒன்று உண்டு. கடலைத் தொடும் பின்கோடு பகுதியில் இருக்கிற ஓட்டலும் உணவகமும் கடல் பொருளாதாரத்தில் சேரும். மற்றவை சேராது.

இந்த விதியை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். மயிலாப்பூரும் சாந்தோமும் அடங்கிய 600004 கடலைத் தொடுகிறது. பெசன்ட் நகர் 600090 தொடுகிறது. தியாகராய நகர் 600017 தொடவில்லை. அப்படியானால் மாட வீதிக்குப் பக்கத்து மெஸ்ஸில் நீங்கள் சாப்பிடும் நெய் தோசையும் ஃபில்டர் காபியும் கடல் பொருளாதாரம்! தி.நகரில் வாழை இலை போட்டுப் பரிமாறும் வஞ்சிரம் வறுவல் கடல் பொருளாதாரமே அல்ல! தோசையில் கடல் எங்கே இருக்கிறது? வஞ்சிரத்தில் கடல் இல்லாமல் வேறு என்ன இருக்கிறது?

ஒரு விதி எவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டாலும், அது ஒரு தெருவில் வந்து இறங்கும்போதுதான் அதன் குணம் தெரிகிறது. அதனால்தான் ஆராய்ச்சி இப்போது அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது. அதற்குத் துணைக் கணக்கு முறை என்று பெயர். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளிலும் சேவையிலும் கடலின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எடுப்பார்கள். போர்ச்சுகல் 2010 முதல் 2013 வரையான ஆண்டுகளுக்கு இப்படிச் செய்து 2016ல் வெளியிட்டது. அமெரிக்கா 2020ல் ஒரு முன்னோட்ட வடிவத்தைக் கொண்டுவந்தது. இந்த முறையில் இடம் எது என்பதை மட்டுமல்ல, பண்டம் எது என்பதையும் பார்க்கிறார்கள். தி.நகர் வறுவலுக்கும் நியாயம் கிடைக்கலாம்!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. விற்ற காசையெல்லாம் கூட்டக்கூடாது. உதாரணத்துக்கு, ஒரு படகு பத்தாயிரம் ரூபாய்க்கு மீன் கொண்டுவருகிறது. டீசல், ஐஸ், இரை எல்லாம் சேர்ந்து ஆறாயிரம். அந்தப் படகு புதிதாக உண்டாக்கிய மதிப்பு நான்காயிரம்தான். அதைத்தான் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் டீசலை ஒரு முறை எண்ணெய்க் கணக்கிலும், இன்னொரு முறை மீனின் விலைக்குள்ளும் எண்ணிவிடுவோம்.

மீன் ஒன்று, எண் நான்கு

இந்தியாவின் 2008ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு எண் உண்டு. ஒரு மீனைப் பின்தொடர்ந்து போகலாம். கடலில் பிடிபடும்போது அது 0311, அதாவது கடல் மீன்பிடிப்பு. ஆலைக்குப் போய்ப் பதப்படுத்தப்பட்டால் 1020. ஓட்டல் தட்டில் வந்தால் 5610. நொச்சிக்குப்பத்தில் பலகை மேல் வைத்து விற்கப்பட்டால் 4781, அதாவது சந்தையிலும் தள்ளுக்கடையிலும் உணவுப் பொருள் சில்லறை விற்பனை.

அந்த 4781ஐ விட்டு நகர எனக்கு மனசே வரவில்லை. கத்தரிக்காய் விற்பவரும் அதே எண். கொய்யாப்பழம் விற்பவரும் அதே எண். கடலை நம்பியே பரம்பரையாகப் பிழைக்கும் மீன்காரம்மாவும் அதே எண். புள்ளிவிவரத்தின் கண்ணுக்கு அவர் கடல்காரர் இல்லை, வியாபாரி. கடல் பொருளாதாரத்தை மீன்பிடிப்பு என்ற எண்ணோடு நிறுத்திக்கொண்டால் அவர் வெளியே நிற்பார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சி.எம்.எஃப்.ஆர்.ஐ.யின் எண்களே சொல்கின்றன. 2017ல் பிடிபட்ட கடல் மீனுக்கு இறங்குதளத்தில் மதிப்பு 52,431 கோடி ரூபாய். அதே மீன் சில்லறைக்கு வந்தபோது 78,408 கோடி. கரையில் ஏலம் போன விலைக்கும் நம் கையில் வந்த விலைக்கும் நடுவில் ஏறக்குறைய 26,000 கோடி! நாம் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் சுமார் 67 காசு கரையில் நிற்கிறது. மிச்சம் 33 காசு ஐஸ், வண்டிக் கூலி, தரகு, சில்லறை விற்பனை என்று பிரிகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தைத் தலையில் சுமப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நொச்சிக்குப்பத்துக்குப் போயிருக்கிறீர்களா? லூப் சாலை ஓரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களுக்காக 366 கடைகளோடு கட்டப்பட்ட நவீன மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். "அக்கா, சங்கரா என்ன விலை?" என்று கேட்டால் விலை வரும் முன்பே செவுளைத் தூக்கிக் காட்டுவார்கள், சிவப்பாக இருக்கிறதா பார் என்று. குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி துண்டு போடுவார்கள். விடியுமுன் ஏலத்துக்குப் போனது, ஐஸ் வாங்கியது, கடன் சொல்லி எடுத்தது, விற்காமல் போனால் உப்பிட்டுக் கருவாடாக்கப் போவது, அத்தனையும் வேலைதான். அறிவும்தான். ஒரு படிவத்தில் இதை எப்படி எழுதுவது?

இந்தக் கேள்வி இப்போது உலக ஆராய்ச்சியின் நடுமேடைக்கு வந்துவிட்டது. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும், ட்யூக் பல்கலைக்கழகமும், வேர்ல்டுஃபிஷ் அமைப்பும் சேர்ந்து 2023ல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டன. சிறு அளவு மீன்பிடித் தொழில்தான் உலகின் மொத்த மீன்பிடிப்பில் 40 சதவீதத்தைத் தருகிறது. இயற்கை நீரில் மீன் பிடிக்கும் தொழிலை நம்பி வேலை செய்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் இதில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள், வீட்டுத் தேவைக்காகப் பிடிப்பவர்களையும் சேர்த்து.

இந்த எண்ணங்களுக்குச் சென்னையின் பங்கு பெரியது. அடையாறில் இருக்கும் மீனவத் தொழிலாளர் ஆதரவுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1986ல் தொடங்கப்பட்டது. அதன் சமுத்ரா ரிப்போர்ட் இதழ் உலகின் சிறு மீனவர்களுடைய குரலாகப் பல ஆண்டுகளாக வருகிறது. அதன் செயலாளராக இருந்த சந்திரிகா சர்மா, மங்கோலியாவில் நடக்கவிருந்த ஐ.நா. உணவு அமைப்பின் கூட்டத்துக்குப் புறப்பட்டுப் போனார். 2014 மார்ச் 8 அன்று காணாமல் போன எம்.எச்.370 விமானத்தில் அவரும் இருந்தார். சில மாதங்கள் கழித்து, சிறு அளவு மீன்பிடிப்புக்கான உலக வழிகாட்டு நெறிகள் ஏற்கப்பட்டபோது, அவை அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டன. நம் ஊரிலிருந்து போன ஒரு பெண்ணின் உழைப்பு, உலகக் கடற்கரைகளுக்கான நெறிமுறைக்குள் இருக்கிறது. இதை நினைத்தால் பெருமையும் வலியும் ஒன்றாகவே வருகின்றன.

குழாயிலும் கைபேசியிலும் கடல்

இன்னும் சில ஆச்சரியங்கள் பாக்கி! தென்சென்னை வீட்டுக் குழாயைத் திறந்தால் கடல் வருகிறது. நெம்மேலியில் தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை 2013ல் வந்தது. 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு 2023ல் அடிக்கல் நாட்டினார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இந்தத் தொழில், வகைப்பாட்டு ஏட்டில் வெறும் குடிநீர் வழங்கல் என்ற பெயரில் நிற்கிறது. ஏரித் தண்ணீரா, கடல் தண்ணீரா என்று அந்த எண் கேட்பதில்லை. பிரித்து எடுக்க வேண்டியது கணக்காளரின் வேலை.

கைபேசியும் அப்படியே. 2002ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ என்ற கடலடிக் கேபிள் போடப்பட்டது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் இயங்கத் தொடங்கியது. பாண்டி பஜாரில் நின்று சிங்கப்பூர் மகளோடு வீடியோ காலில் பேசும் அம்மாவின் குரல் கடலடி வழியாகத்தான் போகிறது. இது கடல் பொருளாதாரமா, தொலைத்தொடர்பா? எந்தப் பங்கு எதில் சேரும்? ஆய்வாளர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒரே ஊரில் இத்தனை கேள்விகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

வரவு மட்டும் போதுமா? இருப்பு எங்கே?

இப்போது சொல்லப்போவதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன். இதுவரை பார்த்ததெல்லாம் ஒரு வருஷத்தில் கடல் எவ்வளவு தந்தது என்ற கணக்கு. கடலில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது? வங்கிப் பாஸ்புக்கில் எடுத்த பணத்தை மட்டும் எழுதி, கையிருப்பை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? எடுக்க எடுக்கச் செல்வம் பெருகுவதாகவே தோன்றும், கணக்கு காலியாகும் நாள் வரை.

இதைச் சரி செய்யத்தான் ஐ.நா. புள்ளியியல் குழு 2021 மார்ச்சில் சூழல்தொகுதிக் கணக்கு முறையை ஏற்றது. ஆண்டின் தொடக்கத்தில் எவ்வளவு சதுப்புக்காடு, எவ்வளவு பவளப்பாறை, எவ்வளவு மீன் இருப்பு. ஆண்டு முடிவில் எவ்வளவு? இந்தியாவின் புள்ளியியல் அமைச்சகமும் 2024ல் வெளியிட்ட தன் சூழல் கணக்குத் தொகுப்பில் முதல் முறையாகக் கடல் கணக்கைச் சேர்த்தது. மீன் இருப்பைப் பற்றி சி.எம்.எஃப்.ஆர்.ஐ. தனியே ஆராய்கிறது. 2022ல் 135 மீன் இருப்புகளைப் பரிசீலித்து, அவற்றில் 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது.

நம் கோட்டூர் பொருளாதார வல்லுநர்களின் வேலை இங்கே மின்னுகிறது. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த லாவண்யா ரவிகாந்த் அன்னேபொய்னாவும் கே.எஸ். கவிகுமாரும் 2017ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சதுப்புக்காடுகளுக்கும் கடல் மீன்பிடிப்புக்கும் உள்ள தொடர்பை எண்ணாக்கிக் காட்டியது. மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் சதுப்புக்காட்டு அலையாத்தி மர வேர்களுக்கு நடுவில் ஒளிந்து வளர்ந்து பிறகு கடலுக்குப் போகின்றன. அந்தக் காடு தரும் பலனை அவர்கள் மதிப்பிட்டபோது கிடைத்த விடை: இந்தியாவின் கடல் மீன் உற்பத்தியில் சுமார் 23 சதவீதம்! கிட்டத்தட்ட நாலில் ஒரு மீன், யாரும் கூலி கொடுக்காத ஒரு காட்டின் உழைப்பு. பிச்சாவரம் வரை போக நேரமில்லாதவர்கள் சாந்தோம் நெடுஞ்சாலைக்கு அருகிலேயே, 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவின் பக்கம் போய் அலையாத்தியைப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீன்பிடித் தடைக்காலத்தைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பழைய கணக்கில் அது வெறும் வரவுக் குறைவு. புதிய கணக்கில், முட்டையிடும் மீன்களை விட்டுவைத்ததால் இருப்பில் சேரும் முதலீடு. அந்த முதலீட்டைச் செய்தவர்கள் யார்? இரண்டு மாத வருமானத்தை விட்டுக்கொடுத்த மீனவக் குடும்பங்கள். கணக்கு முறை மாறினால் அவர்களை நாம் பார்க்கும் விதமும் மாறும். தடைக்கால நிவாரணத்தைச் சலுகை என்று பேசுகிறோமே, அது கடலின் இருப்பைக் காத்ததற்கான நியாயமான கூலி என்று பேசத் தொடங்குவோம்.

வானத்தில் ஒரு கண்

கடைசித் திரை இது. இப்போது விண்வெளியிலிருந்தும் படகுகளை எண்ணுகிறார்கள்! குளோபல் ஃபிஷிங் வாட்ச் அமைப்பின் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்து, 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உலகின் பெரிய மீன்பிடிக் கப்பல்களில் 72 முதல் 76 சதவீதம், பொதுவெளிக் கண்காணிப்பில் தெரிவதே இல்லை. நான்கில் மூன்று கண்ணுக்கு மறைவாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இனி அவை மறைவது கடினம் என்பதே பெரிய மகிழ்ச்சி.

ஆனால் ஊரூர் ஆல்காட் குப்பத்து ஃபைபர் படகு வானத்திலிருந்து பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை. அதில் வந்த நெத்திலி எத்தனை கூடை, எந்த விலைக்குப் போனது, யார் வாங்கினார்கள் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது. அதற்கு மணலில் ஒரு ஆள் நிற்க வேண்டும். 2025 நவம்பர் 3 முதல் டிசம்பர் 18 வரை நாடு முழுவதும் கடல் மீனவர் கணக்கெடுப்பு நடந்ததே, அதில் 12 லட்சம் குடும்பங்களை எட்டக் கைபேசிச் செயலிகள் உதவின. இருந்தாலும் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ஒரு மனிதர்தான் போனார்.

செயற்கைக்கோள், கணினி, துணைக் கணக்கு, சூழல் கணக்கு எல்லாமே வரட்டும். எல்லாமே வேண்டும். ஆனால் இவற்றின் அடித்தளம் கரையில் எழுதப்படும் அந்த முதல் வரிதான். அது பிசகினால் லட்சம் கோடி டாலர் கணக்கும் பிசகும். அதனால் இரண்டு விஷயங்களை உரக்கக் கேட்க ஆசைப்படுகிறேன். கரையில் நின்று எண்ணும் களப்பணியாளர்கள் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 4781 என்ற எண்ணுக்குள் தொலைந்துபோன மீன்காரம்மாக்களைக் கண்டுபிடித்து, கடல் கணக்கில் அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுங்கள்.

இதற்கு வேண்டிய முறை, தரவு, திறமை எல்லாம் நம் ஊரிலேயே இருக்கின்றன. சாந்தோமில் மீனை எண்ணுகிறார்கள், கோட்டூரில் காட்டின் உழைப்பை எண்ணுகிறார்கள், அடையாறில் சிறு மீனவரின் உரிமைக்காக எழுதுகிறார்கள். நொச்சிக்குப்பத்து 366 கடைகளிலிருந்தே அந்தப் புதிய கணக்கைத் தொடங்கலாம். இந்தியாவில் வேறு எந்த நகரத்துக்கும் முன்னால் சென்னை அதைச் செய்து காட்ட வேண்டும், செய்து காட்ட முடியும்!